கேமரா கேள்வி-பதில்: ஃபில்டர் விலை கடைக்குக் கடை ஏன் மாறுகிறது?

கேள்வி: லென்ஸின் முன்னால் மாட்டும் 77 மி.மீ. அளவுள்ள யூ.வி. (புற ஊதாக் கதிர் தடுக்கும்) ஃபில்டர் ஒன்று வாங்குவதற்காக மூன்று கடைகளில் விசாரித்தேன். ஒரு கடையில் சொன்ன விலையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கை அடுத்த கடையில் சொன்னார்கள். இணையத்தில் அதே நிறுவனத்தின் பெயரில் இன்னும் மலிவாகக் கிடைக்கிறது. ஒரு வட்டக் கண்ணாடிக்கு இத்தனை வித்தியாசம் இருக்க முடியுமா? அதிக விலை சொன்னவர் ஏமாற்றுகிறாரா?

பதில்: அவர் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், மூன்று இடங்களிலும் உங்களுக்குக் காட்டப்பட்டது ஒரே பொருள்தானா என்று பார்க்க வேண்டும். நிறுவனத்தின் பெயர், அளவு, யூ.வி. என்ற வகை ஆகிய மூன்றும் ஒத்துப்போனால் பொருளும் ஒன்றே என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஃபில்டர் விஷயத்தில் அது சரியல்ல. ஹோயா நிறுவனத்தை எடுத்துக்கொண்டால், எச்.எம்.சி., புரோ1 டிஜிட்டல், எச்.டி., ஃபியூஷன் என்று பல தொடர்கள் சந்தைக்கு வந்துள்ளன. ஒவ்வொன்றிலும் 77 மி.மீ. யூ.வி. ஃபில்டர் உண்டு, ஒவ்வொன்றின் விலையும் வேறு. ஜெர்மானிய நிறுவனமான பி+டபிள்யூவிலும் இதே நிலைதான். ஆகவே கடையில் கேட்கும்போது தொடரின் முழுப் பெயரையும், முடிந்தால் பெட்டியில் அச்சிட்ட பொருள் எண்ணையும் குறித்துக்கொண்டு வாருங்கள். நீங்கள் சொல்லும் மூன்று மடங்கு வித்தியாசத்தில் பெரும்பகுதி அங்கேயே விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

தொடருக்குத் தொடர் விலை மாறுவதற்கு முதற்காரணம் கண்ணாடியின் மேலுள்ள பூச்சு. பூச்சு எதுவும் இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மீது விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது; முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 8 சதவீதம். இழப்பு என்ற அளவில் இது பெரிதல்ல, எந்தக் கேமராவும் அதை ஈடுகட்டிவிடும். ஆனால் திருப்பி அனுப்பப்பட்ட ஒளி மறைந்துபோவதில்லை என்பதுதான் சிக்கல். இரவில் தெருவிளக்கையோ எரியும் விளக்குச் சரத்தையோ படமெடுத்தால், சென்சாரிலிருந்தும் லென்ஸிலிருந்தும் திரும்பி வரும் ஒளி, தட்டையான அந்த ஃபில்டரின் பின்பரப்பில் பட்டு மீண்டும் உள்ளே போய், படத்தின் எதிர்ப்புறத்தில் தலைகீழான மங்கல் பிம்பமாக விழுகிறது. சூரியனுக்கு எதிராக எடுக்கும்போது படம் முழுவதும் ஒரு வெளிறல் பரவுவதும் பெரும்பாலும் இதனால்தான். மக்னீசியம் ஃபுளோரைடால் ஒரே அடுக்குப் பூச்சு கொடுத்தால் பரப்பு ஒன்றுக்கு இந்தப் பிரதிபலிப்பு 1.5 சதவீதத்துக்கு அருகில் வந்துவிடும். பல அடுக்குப் பூச்சு கொடுத்தால் அரை சதவீதத்துக்கும் கீழே இறங்கும்.

இந்தப் பூச்சு வண்ணம் அடிப்பது போன்ற வேலையன்று. காற்றகற்றிய அறைக்குள் பொருளை ஆவியாக்கி, கண்ணாடியின் மேல் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமனுக்குப் படியச் செய்ய வேண்டும். அந்தத் தடிமன் ஒளியின் அலைநீளத்தில் கால்பங்கோடு பொருந்தி வந்தால்தான் பரப்பிலிருந்து திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரே அடுக்கு ஒரு நிறத்துக்கு மட்டுமே சரியாகப் பொருந்துவதால், எல்லா நிறங்களுக்கும் பொருந்த அடுக்குகளின் எண்ணிக்கை கூட வேண்டும்; அடுக்கு கூடும்போது நேரமும், கழித்துக்கட்டப்படும் துண்டுகளும் கூடுகின்றன. அதற்கும் மேலே நீரும் எண்ணெய்ப் பசையும் ஒட்டாத இன்னோர் அடுக்கை உயர்ந்த தொடர்களில் சேர்க்கிறார்கள். கைரேகை எளிதில் துடைபடுகிறது என்பது நாள்தோறும் வெளியில் எடுப்பவர்களுக்கு உண்மையான பயன்தான்.

இரண்டாவது காரணம் கண்ணாடியே. கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையைப் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது. இன்று சன்னல்களில் இருப்பது பெரும்பாலும் அப்படிச் செய்த கண்ணாடிதான். கண்ணுக்கு அது முற்றிலும் தட்டையாகவே தெரியும். அகலக்கோண லென்ஸுக்கு முன்னால் வைத்தாலும் குறை தெரியாமல் போகலாம். 300 மி.மீ., 400 மி.மீ. போன்ற நீண்ட லென்ஸுக்கு முன்னால் வைக்கும்போதுதான், பரப்பின் சிறு அலைவும் இருபக்கங்களும் இணையாக இல்லாத சிறு சாய்வும் பெரிதாக்கப்பட்டுப் படத்தின் கூர்மையைக் கெடுக்கின்றன. இருபுறமும் தேய்த்து மெருகிட்ட ஒளியியல் கண்ணாடி வேண்டுமென்றால் விலை ஏறத்தான் செய்யும்.

வளையத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலுமினிய வளையம் மலிவு, எடை குறைவு. ஆனால் லென்ஸின் அலுமினிய மரையோடு இறுகிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. பித்தளை வளையம் அவ்வளவு எளிதில் இறுகாது, விலை அதிகம். மெல்லிய வளையம் அகலக்கோண லென்ஸில் படத்தின் மூலைகள் இருளாமல் காக்கும். அதற்கும் தனி விலை உண்டு. மெல்லிய வளையங்கள் சிலவற்றில் முன்பக்க மரை இருக்காது என்பதால் லென்ஸ் மூடி நிற்காது என்பதையும் வாங்கும்போதே கவனியுங்கள்.

அளவும் விலையை ஏற்றுகிறது. 52 மி.மீ. ஃபில்டரோடு ஒப்பிட்டால் 82 மி.மீ. ஃபில்டரின் பரப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. கண்ணாடி பெரிதாகப் பெரிதாக அதைச் சீராகத் தேய்ப்பதும் பூசுவதும் கடினமாகின்றன, விற்கும் எண்ணிக்கையும் குறைகிறது. எனவே ஒரு கடையில் கேட்ட 67 மி.மீ. விலையை மனத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு கடையில் 77 மி.மீ. விலையை எடைபோடாதீர்கள்.

கேள்வி: நிறுவனம், தொடர், அளவு, பொருள் எண் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டேன். பொருள் ஒன்றேதான். அப்படியும் இரு கடைகளில் விலை வேறாக இருக்கிறது. இதற்கு என்ன காரணம்?

பதில்: இப்போது நீங்கள் ஒப்பிடுவது கண்ணாடியை அல்ல, இரண்டு வணிகர்களின் கணக்குகளை.

ஃபில்டர் என்பது கடைக்காரரின் முதலீட்டை முடக்கிப்போடும் சரக்கு. 49 மி.மீ. முதல் 82 மி.மீ. வரை வழக்கத்தில் உள்ள அளவுகள் மட்டுமே 9. யூ.வி., போலரைசர் (ஒளியை ஒரே திசை அதிர்வுக்குக் கட்டுப்படுத்துவது), என்.டி. (ஒளியின் அளவைக் குறைப்பது) என்று 3 வகை, வகைக்கு 3 தொடர் என வைத்துக்கொண்டாலும் 81 விதமான பெட்டிகளை அவர் அடுக்கி வைக்க வேண்டும். அவற்றில் பல மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். வாடிக்கையாளர் கேட்டவுடன் எடுத்துத் தருவதற்காக எல்லா அளவுகளையும் வாங்கி வைத்திருப்பவர், அந்தத் தேக்கத்தின் செலவை விற்கும் ஒவ்வொரு ஃபில்டரிலும் சேர்த்துத்தான் விலை வைப்பார். ஆர்டர் வந்த பிறகு விநியோகஸ்தரிடமிருந்து வரவழைத்து அனுப்புகிறவருக்கு இந்தச் செலவு இல்லை, அவர் குறைத்துக் கொடுக்க முடியும். அவரிடம் நீங்கள் காத்திருக்க வேண்டும், அவ்வளவே.

இதோடு இன்னொன்றும் இருக்கிறது. கேமராவின் விலையை எல்லோரும் பத்து இடத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள் என்பதால், கேமராவில் கடைக்காரருக்குக் கிடைக்கும் லாப விகிதம் மிகக் குறைவு. பை, மெமரி கார்டு, ஃபில்டர் போன்ற துணைப்பொருள்களை யாரும் அவ்வளவாக ஒப்பிடுவதில்லை. கேமராவில் விட்டதைத் துணைப்பொருளில் எடுப்பது இந்தத் தொழிலில் நெடுநாள் வழக்கம். கேமராவைக் கவர்ச்சியான விலைக்குத் தந்த அதே மேசையில், “இதையும் போட்டுக்கொள்ளுங்கள், லென்ஸுக்குப் பாதுகாப்பு” என்று ஃபில்டரை நீட்டும்போது அதன் விலையைத் தனியே கேட்டுப் பாருங்கள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை; கடை நடக்க வேண்டும் என்றால் எங்காவது லாபம் இருந்தாக வேண்டும். ஆனால் அந்த இடத்தில் விசாரிக்காமல் வாங்குவது உங்கள் பையைத்தான் கரைக்கும்.

கொள்முதல் செய்த காலமும் விலையைத் தீர்மானிக்கிறது. பெயர்பெற்ற ஃபில்டர்களில் பல ஜப்பானிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வருபவை. நாணய மாற்று விகிதம் சாதகமாக இருந்தபோது வாங்கிய சரக்கை வைத்திருப்பவரும், அது ஏறிய பிறகு வாங்கியவரும் ஒரே விலையைச் சொல்ல இயலாது. உற்பத்தி நிறுத்தப்பட்ட தொடரை ஒருவர் கழித்துவிட நினைப்பார். வேறொருவர் பழைய விலைச்சீட்டை மாற்றாமலே வைத்திருப்பார். நிறுத்தப்பட்ட தொடர் என்பதால் ஃபில்டர் கெட்டுவிடுவதில்லை. பூச்சு நல்லதாக இருந்தால், கழிவு விலையில் வரும் முந்தைய தலைமுறை ஃபில்டரே எனக்குத் தெரிந்தவரை மிகச் சிக்கனமான கொள்முதல்.

கடைசியாக, சரக்கு வந்த வழி. நிறுவனம் நியமித்த விநியோகஸ்தர் மூலம் வருவது ஒன்று. விலை குறைந்த வேறொரு நாட்டில் வாங்கி நேராகக் கொண்டுவந்து விற்பது மற்றொன்று. இரண்டாவது வழியில் வருவதும் அசல் பொருள்தான், போலி அல்ல. ஆனால் பழுது ஏற்பட்டால் உள்ளூர் விநியோகஸ்தர் அதற்கு உத்தரவாதம் தர மறுக்கலாம். யூ.வி. ஃபில்டரில் பழுதாக என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. அங்கே உத்தரவாதத்துக்காக நான் கூடுதல் விலை கொடுக்க மாட்டேன். சுழலும் பாகமும் ஒட்டிய படலமும் கொண்ட போலரைசரில் நிலை வேறு.

கேள்வி: யூ.வி. ஃபில்டரைவிடப் போலரைசர் ஏன் இவ்வளவு விலை? அதிலும் பி.எல். என்று போட்டது மலிவாகவும் சி.பி.எல். என்று போட்டது அதிகமாகவும் இருக்கிறதே?

பதில்: போலரைசர் ஒற்றைக் கண்ணாடி அல்ல. இரு கண்ணாடிகளுக்கு நடுவே ஒளியை ஒரே திசை அதிர்வுக்குக் கட்டுப்படுத்தும் படலத்தை ஒட்டி, அதைச் சுழலும் வளையத்தில் பொருத்தியிருக்கிறார்கள். இத்தகைய படலத்தை 1920களின் இறுதியில் உருவாக்கியவர் அமெரிக்கரான எட்வின் லேண்ட். 1937இல் போலராய்டு நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. படலம் சீராக இல்லாவிட்டால் படத்தில் மஞ்சள் அல்லது பச்சைச் சாயல் ஏறும். ஒட்டு சரியில்லாவிட்டால் ஈரத்தில் ஓரங்கள் பிரியத் தொடங்கும். சாதாரணப் போலரைசர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளியை விழுங்கிவிடுகிறது (ஒரு ஸ்டாப் குறைவது என்றால் ஒளி பாதியாவது). ஒரு ஸ்டாப் அளவுக்கே இழக்கும் தெளிந்த படலமும் கிடைக்கிறது, அதுவே விலை ஏறுவதற்கு ஒரு காரணம்.

பி.எல். என்பது நேர்ப் போலரைசர். அதன் வழியே வரும் ஒளி ஒரே திசையில் அதிர்வதால், ஆடி வழியே காட்சியைக் காட்டும் எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் ஒளியைப் பிரித்து ஒளிமானிக்கும் தானியங்கிக் குவியத்துக்கும் அனுப்பும் பாதி ஊடுருவும் ஆடி தடுமாறிவிடுகிறது. சி.பி.எல். ஃபில்டரில் படலத்துக்குப் பின்னால் இன்னொரு மெல்லிய தகடு இருந்து, அந்த ஒளியைச் சுழலும் அதிர்வாக மாற்றித் தருகிறது. ஆடியே இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் நேர்ப் போலரைசர் பெரும்பாலும் தொல்லையின்றி வேலை செய்யும் என்பதால், பழைய பி.எல். ஒன்று மலிவாகக் கிடைத்தால் அத்தகைய கேமரா வைத்திருப்பவர்கள் அதை முயன்று பார்க்கலாம். எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர் சி.பி.எல். மட்டுமே வாங்க வேண்டும்.

கேள்வி: என்.டி. ஃபில்டர்களை ஒப்பிடவே முடியவில்லை. ஒருவர் 8 என்கிறார், ஒருவர் 0.9 என்கிறார், மற்றொருவர் 3 என்கிறார். மலிவான மாறும் என்.டி. ஒன்றை வாங்கிவிட்டால் எல்லாவற்றுக்கும் போதுமா?

பதில்: நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே ஃபில்டரைக் குறிக்கலாம். ஒளியை எட்டில் ஒரு பங்காகக் குறைப்பது 8. அதையே அடர்த்திக் கணக்கில் சொன்னால் 0.9, ஸ்டாப் கணக்கில் 3. இதேபோல் 1000 என்பதும் 3.0 என்பதும் 10 ஸ்டாப் என்பதும் ஒன்று. 3 என்று எழுதியிருந்தால் அது 3 ஸ்டாப்பா, 3.0 அடர்த்தியா என்று கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் இடையில் 7 ஸ்டாப் வித்தியாசம் இருக்கிறது, விலையும் அதற்கேற்ப மாறும்.

அடர்ந்த என்.டி. ஃபில்டரில் மலிவுக்கும் விலையுயர்ந்ததற்கும் உள்ள வேறுபாடு படத்தில் வெளிப்படையாகவே தெரியும். கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் ஃபில்டர், அகச்சிவப்புக் கதிர்களை அதே அளவில் தடுக்காவிட்டால், நீண்ட நேரத் திறப்பில் அவை சென்சாரில் சேர்ந்துகொண்டே போகும். கறுப்புத் துணி பழுப்பாகவும், நிழல்கள் செந்நிறமாகவும் மாறும். இதைப் பின்னர்க் கணினியில் முழுமையாகத் திருத்துவது கடினம். நிறச்சாயலும் அகச்சிவப்புக் கசிவும் இல்லாத 10 ஸ்டாப் ஃபில்டருக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவு அல்ல.

மாறும் என்.டி. என்பது இரண்டு போலரைசர்களை எதிரெதிரே வைத்துச் சுழற்றுவது. அகலக்கோண லென்ஸில் அதை மிகுந்த அடர்த்திக்குத் திருப்பினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போன்ற கருநிழல் விழும். விலை கூடிய ஃபில்டர்களில் அந்த எல்லைக்குப் போகவிடாமல் வளையத்திலேயே தடுப்பு வைத்திருப்பார்கள். நகரும் காட்சியைப் பதிவுசெய்பவருக்கு இது மிகவும் வசதியானது. அருவியையும் கடலையும் நீண்ட நேரத் திறப்பில் எடுப்பவருக்கு, நல்ல நிலையான என்.டி. ஒன்றோ இரண்டோ போதும் என்பேன்.

கேள்வி: இணையத்தில் மலிவாக வாங்கிய ஃபில்டர் அசலா, போலியா என்று வீட்டிலேயே கண்டறிய முடியுமா?

பதில்: ஓரளவுக்கு முடியும். எரியும் விளக்கு ஒன்றின் பிரதிபலிப்பை ஃபில்டரின் கண்ணாடியில் பாருங்கள். பூச்சில்லாத கண்ணாடியில் விளக்கு வெண்மையாக, பளிச்சென்று தெரியும். நல்ல பல அடுக்குப் பூச்சில் அது பச்சையாகவோ ஊதாவாகவோ மிக மங்கித் தெரியும். இதில் நிறத்தை நம்பாதீர்கள், மங்கலையே நம்புங்கள். ஒரே அடுக்குப் பூச்சிலும் நிறம் தோன்றும். தொடர் பெயர் பல அடுக்குப் பூச்சு என்று சொல்ல, விளக்கு அதில் பளிச்சென்று தெரிந்தால் அந்த ஃபில்டரைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

போலரைசரை எல்.சி.டி. கணினித் திரைக்கு முன்னால் பிடித்துச் சுழற்றினால் ஒரு நிலையில் திரை கறுக்க வேண்டும். கறுக்கும் நிலையில் எஞ்சும் ஒளி அடர்நீலமாகவோ ஊதாவாகவோ அதிகம் கசிந்தால் படலம் தரம் குறைந்தது. பிறகு ஃபில்டரைப் புரட்டி, கேமராப் பக்கம் திரையை நோக்கி இருக்கும்படி பிடித்துச் சுழற்றுங்கள். சி.பி.எல். ஆக இருந்தால் இப்போது திரை முன்போல் கறுக்காது, நிறம் சற்று மாறுவதோடு நின்றுவிடும். இருபுறமும் ஒரே மாதிரி கறுத்தால், சி.பி.எல். என்று எழுதி நேர்ப் போலரைசரைத் தந்துவிட்டார்கள் என்று பொருள்.

கூர்மையைச் சோதிக்க, உங்களிடம் உள்ள மிக நீண்ட லென்ஸை முக்காலியில் நிறுத்தி, தொலைவிலுள்ள சிறு எழுத்துகளை ஃபில்டரோடும் ஃபில்டர் இன்றியும் எடுத்து, முழு அளவில் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகக் குவியம் செய்ய மறக்க வேண்டாம். பல விற்பனையாளர்கள் ஒரே பக்கத்தின்கீழ் விற்கும் இணையதளங்களில், பொருளின் கீழே உள்ள பாராட்டுகள் வேறொரு விற்பனையாளரிடம் வாங்கியவர்கள் எழுதியவையாகவும் இருக்கலாம். அங்கே விற்பவரின் பெயரையும், திருப்பி அனுப்பும் விதியையும் முதலில் படியுங்கள்.

கேள்வி: லென்ஸில் 18-55 என்று இருந்ததால் 55 மி.மீ. ஃபில்டர் வாங்கினேன். பொருந்தவில்லை.

பதில்: அது குவியத்தூரம். ஃபில்டர் அளவு, குறுக்குக் கோடிட்ட வட்டக் குறிக்குப் பக்கத்தில் லென்ஸின் முன்விளிம்பிலும், பெரும்பாலான மூடிகளின் உட்புறத்திலும் இருக்கும். பெட்டியைத் தூக்கியெறியாமல் உடனே கடைக்குக் கொண்டுபோய் மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி: டிஜிட்டல் கேமராவுக்கு யூ.வி. ஃபில்டர் தேவையே இல்லை என்கிறார்களே? அப்படியானால் எந்த ஃபில்டருக்குப் பணம் செலவிடலாம்?

பதில்: ஃபிலிம் புற ஊதாக் கதிர்களை உணரும், மலைப்பகுதிகளில் தொலைவுக் காட்சி நீலம் பாய்ந்து மங்குவதைக் குறைக்க யூ.வி. ஃபில்டர் அந்நாளில் உதவியது. டிஜிட்டல் சென்சாரின் மேல் அந்தக் கதிர்களைத் தடுக்கும் கண்ணாடி ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே இன்று யூ.வி. ஃபில்டர் செய்யும் ஒரே வேலை, லென்ஸின் முன்கண்ணாடியை மணல், உப்புநீர், விரல் ரேகை ஆகியவற்றிலிருந்து காப்பதுதான். அந்த வேலைக்கு நடுத்தர விலையில் பல அடுக்குப் பூச்சுள்ள எந்த நல்ல ஃபில்டரும் போதும். பூச்சில்லாததை இலவசமாகத் தந்தாலும் லென்ஸில் மாட்டாதீர்கள். மோதலிலிருந்து காப்பதற்கு லென்ஸ் ஹூட் (லென்ஸின் முன்விளிம்பில் மாட்டும் வெயில்மறைப்பு) மேலானது, அது படத்துக்கும் நன்மை செய்யும்.

பணத்தைப் போலரைசரிலும் அடர்ந்த என்.டி. ஃபில்டரிலும் போடுங்கள். அவை தரும் விளைவைக் கணினியில் அப்படியே உண்டாக்க முடியாது. லென்ஸுக்கு ஒன்றாக வாங்கவும் வேண்டாம். உங்களிடம் 52, 67, 77 மி.மீ. லென்ஸ்கள் இருந்தால் 77 மி.மீ. ஃபில்டர் ஒன்றை மட்டும் நல்லதாக வாங்கி, மற்ற இரண்டுக்கும் அளவு மாற்றும் வளையங்களைப் போட்டுக்கொள்ளலாம். வளையங்களின் விலை சொற்பம். சிறிய லென்ஸ்களில் அவற்றைப் போட்டிருக்கும்போது லென்ஸின் சொந்த ஹூட்டை மாட்ட முடியாது என்பது மட்டுமே இதில் உள்ள தொல்லை. வெயில் பக்கவாட்டில் அடிக்கும்போது கையாலோ அட்டையாலோ மறைத்துக்கொண்டு எடுக்க வேண்டியிருக்கும்.